எண்ணெய் வழுக்கி விழுந்தவன்

போன ஆடியில் ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் என் நண்பனின் மகள் தென்காசியிலிருந்து போன் செய்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் டாக்டர் மாமா.

"மாமா, நேத்து பாப்பாவ ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தவ சட்டுன்னு விழுந்துட்டா. பாசி வழுக்கிருச்சு. பெருசா அடி ஒண்ணும் இல்ல, நெத்தி மட்டும் வீங்கியிருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன், ஒரு தடவ பாத்துருங்க."

"விழுந்ததும் எந்திரிச்சாளா?"

"இல்ல மாமா. அங்கன நின்ன லேடி போலீசுதான் தூக்கிட்டு வந்தாங்க. கொஞ்ச நேரம் கண்ணே தொறக்கல. நான் பயந்தே போயிட்டேன். பெறவு அவளா எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு பஜ்ஜி வாங்கித் தான்னு கேக்கா."

"கையில சிராய்ப்பு இருக்கா?"

"கையில ஒண்ணுமே இல்ல. அதான் நல்ல காலம்."

போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். வழுக்கி விழுகிறவர்கள் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். உள்ளங்கை தேயும், மணிக்கட்டு பிசகும். நெற்றி உடைந்து கை மட்டும் சுத்தமாக இருந்தால், கீழே விழுவதற்கு முன்பே நினைவு போயிருக்கிறது என்று பொருள். இது எனக்குப் புதிய பாடம் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே குடும்பத்தில் இன்னொரு நெற்றிக்குத் தையல் போட்டபோதே எனக்குத் தெரியும்.

அந்த நெற்றி, போன் செய்தவளுடைய தம்பியின் நெற்றி. அவன் கார் பந்தய ஓட்டுநர். இருபத்து நான்கு வயதில் பந்தயத் தளத்தில் கார் மோதி இறந்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் இன்று வரை ஊரில் பேச்சு. அவனுடைய இதயத்தில் ஒரு கோளாறு இருந்ததையும், நான் அதைக் காகிதத்தில் பார்த்ததையும், பார்த்துவிட்டு மறைத்ததையும் யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்தக் கோளாறு பரம்பரையாக வருவது. நாளை வரப்போகிற பெண்ணிடம் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அவளுடைய மகளும் ஒரு நாள் கண்ணைத் திறக்காமல் போவாள்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. மேலகரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிளினிக் வைத்திருந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் மூடினேன். மாடியில் வீடு, கீழே கிளினிக். போர்டைக் கழற்றிய பிறகும் பழகியவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இறந்த பையனின் அப்பாவும் நானும் இலத்தூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் போலீசில் சேர்ந்து இன்ஸ்பெக்டர் ஆனான், நான் டாக்டரானேன். வயல்களை இருவரும் குத்தகைக்கு விட்டிருந்தோம். அவன் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில் பாதி நாள் வளர்ந்தன. எனக்குப் பிள்ளைகள் இல்லை.

பையனுக்கு வண்டிப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியாது. அவனுடைய கை எப்படிப்பட்டது என்பது மட்டும் ஒரு நாள் தெரிந்தது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். அறுவடை நேரம். பாம்பு கடித்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பாளையங்கோட்டைக்கு உடனே கொண்டு போக வேண்டும், ஆம்புலன்சு வேறொரு கேசுக்குப் போயிருந்தது. என் அம்பாசிடரை அவன் எடுத்தான். பின் இருக்கையில் நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு குளுக்கோஸ் பாட்டிலை நான் பிடித்திருந்தேன். ஆலங்குளம் தாண்டும் வரை நான் ரோட்டையே பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தேன். துளிகள் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தன. மெதுவாகப் போகிறான் என்று நினைத்து, "ஏலே, கொஞ்சம் வெரசாப் போ" என்றேன்.

"இதுக்கு மேல போனா இன்ஜினு கழண்டு முன்னால ஓடிரும் மாமா" என்றான்.

எட்டிப் பார்த்தேன். வேகமுள் எங்கே நின்றது என்று இப்போது எழுதினாலும் நம்ப மாட்டார்கள். லாரியைத் தாண்டும்போதும் வளைவிலும் அந்த பாட்டில் என் கையில் ஆடவே இல்லை. கடி பட்டவர் பிழைத்தார். என் பழைய வண்டியிலேயே இப்படி என்றால், நல்ல வண்டியில் இவன் என்ன செய்வான் என்று அன்று பெருமையாக நினைத்தேன்.

செய்யத்தான் செய்தான். கோவையில் ஒரு குழு அவனைச் சேர்த்துக்கொண்டது. ஒற்றை இருக்கை, கூரை இல்லாத, தரையோடு தரையாக ஓடும் பந்தயக் கார். தன் வண்டியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று அடம்பிடித்து, குத்துக்கல்வலசையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கையும் கூடவே அழைத்துப் போனான். இரண்டாவது பந்தயத்திலேயே கோப்பை வாங்கினான். அதைத் தூக்கிப் பிடித்தபடி அவன் நிற்கும் படத்தை என் கிளினிக்கில், ரத்த அழுத்தக் கருவிக்கு மேலே மாட்டியிருந்தேன்.

அவனுக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது, ஆனி மாதம், சாரல் தொடங்கிய முதல் வாரம், வழக்கம்போலக் குற்றாலத்துக்குப் போனோம். அவன், அவன் அப்பா, நான். அப்போதெல்லாம் எண்ணெய் தேய்க்காமல் பேரருவியில் யாரும் குளிக்க மாட்டார்கள். மாலிசு போடுகிறவர் எங்கள் மூவரையும் வரிசையாக உட்கார வைத்துத் தேய்த்துத் தட்டி அனுப்பினார். அவன் எங்களுக்கு முன்னால் ஓடினான். கம்பியைத் தாண்டி, தண்ணீர் கனமாக விழும் இடத்தில் தலையைக் கொடுத்தான். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் அறைந்த அந்த நொடியில், கொடியிலிருந்து நழுவிய ஈர வேட்டி மாதிரி கீழே சரிந்தான். கை எதையும் பிடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"எண்ணெய் வழுக்கிட்டு, எண்ணெய் வழுக்கிட்டு!" என்று சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கத்தினார்கள். குற்றாலத்தில் யார் விழுந்தாலும் எண்ணெய் வழுக்கித்தான் விழுந்தார்கள். அங்கே அதற்கு மேல் காரணம் தேடும் பழக்கம் இல்லை. அவனைத் தூக்கி வந்து படியில் கிடத்தி மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி கிடைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் என் விரல்தான் வழுக்குகிறது என்று நினைத்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். கழுத்தைத் தொடப் போனபோது அவன் கண்ணைத் திறந்து, "யாரு தள்ளிவிட்டா?" என்றான். அவன் அப்பா சிரித்துவிட்டான்.

கிளினிக்குக்குக் கூட்டி வந்து நெற்றியில் இரண்டு தையல் போட்டேன். கையைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளங்கைகளில் ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் எனக்கு இலத்தூர்க் கிணறு ஞாபகம் வந்தது.

பள்ளி விடுமுறையில் நாங்கள் குதித்து விளையாடிய கிணறு அது. என் நண்பனுக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் அவரைப் போல நீச்சல் அடிக்கிறவர் இல்லை. ஒரு நாள் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தார். நாங்கள் எண்ணிக்கொண்டே நின்றோம். எப்போதும் நூறு வரை உள்ளேயே இருப்பார். அன்றைக்கு நூறு தாண்டியும் எண்ணினோம். வெளியே எடுத்தபோது உடம்பில் காயம் எதுவும் இல்லை. கிணற்றில் முனி இருக்கிறது, அடித்துவிட்டது என்றார்கள். கிணற்றுக்கு வேலி போட்டார்கள். அவருக்கு வயது பத்தொன்பது.

பையனைப் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தேன். இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராக ஒரு சிறு இடைவெளி தேவை. சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டிருக்கும். மற்ற நேரங்களில் அவர்கள் நம்மைவிட ஆரோக்கியமாக இருப்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் பாயும்போதோ, கடுமையாக ஓடும்போதோ, அதிர்ச்சியிலோ தாளம் குலைந்து இதயம் வெறுமனே நடுங்கும். தானாகச் சரியானால் எழுந்து உட்கார்ந்து பஜ்ஜி கேட்பார்கள். சரியாகாவிட்டால் எழ மாட்டார்கள். இது பற்றி நான் படித்திருந்தேன். அவன் காகிதத்தில் அந்த இடைவெளி நீளமாக இருந்தது.

பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவன் அப்பாவை உள்ளே கூப்பிட்டேன்.

"என்னவே, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இது கொஞ்சம் நீளமாத் தெரியுது."

"எது, ஒன் மூக்கா?"

"வெளையாடாதலே. மதுரையில இருதய டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிரணும். உன் சித்தப்பா கிணத்துல போனாருல்லா, அதுவும் இதுவாத்தான் இருக்கும்."

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். ஸ்டேஷனில் அவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அவன் அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றுதான்.

"வார புதங்கெழமை கடையநல்லூர்லருந்து மகளப் பாக்க வாராங்க. ஆவணியில முகூர்த்தம் வைக்கணும்னு சொல்லுதாங்க. இப்பப் போயி நீ சித்தப்பா, தம்பி, இருதயம்னு ஒரு வரிசையக் கட்டிட்டேன்னு வையி, அந்த வரிசையில அடுத்தது யாருன்னுதானே கேப்பான்? பொண்ண எவன்லே எடுப்பான்?"

"கேக்கணும்லா. அவளுக்கும் பாக்கணும்தான்."

"பாப்போம்லே. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் நானே ரெண்டு பேரையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மாசம். ரெண்டு மாசத்துல என்ன ஆயிரப் போவுது? எண்ணெய் வழுக்கித்தான விழுந்தான்? அதையே எழுது."

எழுதினேன். நோயாளிச் சீட்டில், 'எண்ணெய் வழுக்கி விழுந்தது, நெற்றியில் காயம், தையல் இரண்டு' என்று என் கையால் எழுதினேன். இ.சி.ஜி. காகிதத்தை மடித்து ஒரு மருத்துவப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள் ஜாதகம் பார்ப்பதோடு நிற்க மாட்டார்கள். பெண் வீட்டு டாக்டர் யார் என்று கண்டுபிடித்து, பிரஷர் பார்க்கிற சாக்கில் வந்து உட்காருவார்கள். மறு வாரம் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார். பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"இன்ஸ்பெக்டர் வீட்டுப் பையன் அருவியில விழுந்தானாமே?"

"எண்ணெய்தான் அண்ணாச்சி. வழுக்கிட்டு."

"ஒரு சித்தப்பாவும் தண்ணியில போனாராம்?"

"அது நாங்க சின்னப் பயலுவளா இருக்கையில. கெணத்துல பாறையிருக்கு, தல மோதியிருக்கும்."

"வேற ஒண்ணும் கொற இல்லைலா?"

"ஒரு கொறையும் இல்லாத குடும்பம் அண்ணாச்சி. நான் சொல்லுதேன்."

அவருடைய பிரஷர் சரியாக இருந்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இவந்தானா? நல்லா வருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அவன்தான் ஓடி ஓடிப் பரிமாறினான்.

மறுவாரம் மதுரைக்குப் போகவில்லை. கல்யாண அலைச்சல் என்றான் அவன் அப்பா. பிறகு தீபாவளி வந்தது. பிறகு அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. பையன் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான், ஜெயித்துக்கொண்டிருந்தான். நடமாடுகிற ஒரு ஆளை நோயாளி என்று நினைப்பது கஷ்டம். டாக்டருக்கும் அப்படித்தான்.

பந்தய உரிமத்துக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சான்று வேண்டும். படிவத்தில் ஒரு கேள்வி: மயக்கம், வலிப்பு, இருதயக் கோளாறு எப்போதாவது உண்டா? அருவியில் விழுந்த பிறகு வந்த முதல் ஆண்டு, இல்லை என்ற கட்டத்தில் குறி போடும்போது கை தயங்கியது. இரண்டாவது ஆண்டு தயங்கவில்லை.

மூன்றாவது ஆண்டு, மார்கழியில், காலையில் படிவத்தோடு வந்தான். வழக்கமாக நின்றுகொண்டே கையெழுத்து வாங்கிப் போகிறவன் அன்றைக்கு உட்கார்ந்தான்.

"மாமா, போன வாரம் பயிற்சியில நேர் ரோட்டுக் கடைசியில ஒரு செகண்டு கண்ணு இருட்டிருச்சு."

"வெயில்லா. அந்த உடுப்பு வேற கனம். தண்ணி குடிக்கிறியா?"

"குடிக்கேன். திரும்பக் கண்ணு தெளிஞ்சு பாக்கேன், வண்டி வளைவுல பாதியில நிக்கு. பிரேக்க எப்பப் பிடிச்சேன்னே தெரியல." படிவத்தை என் பக்கம் நகர்த்தினான். "அன்னைக்கு அருவியில விழுந்தன்னைக்கு ஒரு பேப்பர் எடுத்தீங்கள்லா. அதுல ஒண்ணும் இல்லையே?"

அவன் அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவளுக்கு அப்போது ஆறு மாதம். மறைப்பதற்கு நண்பன் சொன்ன காரணம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். இரண்டு படிவத்தில் நான் போட்ட கையெழுத்து பொய்யாகும். கடையநல்லூர்க்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது எல்லாருக்கும் தெரியவரும். இதையெல்லாம் அந்தச் சில நொடிகளில் நான் யோசித்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் இருந்த அந்தப் படத்தைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணும் இல்லலே. எண்ணெய் வழுக்குனதுக்கு என்ன இருக்கும்?" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னாச் சரிதான்" என்று எழுந்தான். குறி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினேன். மை காயட்டும் என்று அவனே ஊதிக்கொண்டு போனான்.

ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், செய்தி வந்தது.

அவன் அப்பாவோடு நானும் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார், கையெல்லாம் கிரீஸ். என் நண்பன் நேராகப் போய் அவரை அறைந்தான். "பிரேக்க ஒழுங்காப் பாத்தியாலே? பாத்தியா?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தான். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "பாத்தேன் சார், ரெண்டு தடவ பாத்தேன் சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிடித்து விலக்கினேன். விலக்கியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அந்த இதயத்தை அறுத்துப் பார்த்தாலும் அதில் எதுவும் தெரியாது. இந்தக் கோளாறு பிணத்தில் அடையாளம் வைப்பதில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதையும், அந்த வராந்தாவில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, பார்வையாளர் ஒருவர் எடுத்த வீடியோ குறுந்தகடாக இலத்தூர் வீட்டுக்கு வந்தது. எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். நேர் பாதையில் அவன் கார் முதலில் வருகிறது. மற்றவர்கள் பிரேக் போடத் தொடங்கும் பலகையைத் தாண்டித்தான் அவன் எப்போதும் பிரேக் போடுவான்; அவன் ஜெயித்ததே அந்தச் சில அடிகளில்தான். அன்றும் பலகையைத் தாண்டுகிறான். தாண்டி, நேராகப் போகிறான். "பாரு, பிரேக்கு பிடிக்கல, பாரு" என்றான் என் நண்பன். எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். நான் தலைக்கவசத்தைப் பார்த்தேன். பலகைக்கு முன்பே அது இடது பக்கம் சாய்ந்திருந்தது. பஸ்சில் தூங்குகிறவனுடைய தலை சாய்வதைப் போல.

திரும்பப் போடச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படத்தைக் கழற்றினேன்.

அவன் போன இரண்டு மாதத்தில் அவன் அக்காவுக்குப் பெண் பிறந்தது. என் நண்பன் நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்தான். கடைசி நாட்களில் ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அன்னைக்கு நீளம் நீளம்னு ஒண்ணு சொன்னியேலே, அதுக்கும் இதுக்கும்..." என்று ஆரம்பித்தான். "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தூங்கு" என்றேன். அவனுக்காகச் சொன்ன பொய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன் வந்த மறுநாள் காலை தாயும் மகளும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். மகளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறாள், பள்ளிக் கைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். நெற்றியில் வீக்கம் நீலம் பாரித்திருந்தது. உள்ளே வந்ததும், "தாத்தா, இங்கன வைஃபை உண்டா?" என்று கேட்டாள்.

"மாடியில உண்டு. இதுக்கு முன்ன எப்பயாவது விழுந்திருக்கியா?"

"போன வருசம் கிரவுண்டுல ஓடையில ஒருக்க. வெயில்னாங்க."

உள்ளங்கைகளை வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு, இ.சி.ஜி. காகிதம் வைத்திருந்த பழைய புத்தகத்தை எடுத்தேன். முந்தின நாளே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், துணிவு வரவில்லை. இப்போது விரித்தால், காகிதம் பழுப்பேறி வெறுமையாக இருந்தது. வெப்பத்தில் பதியும் காகிதம். இருபது ஆண்டுகளில் கோடு முழுவதும் அழிந்துவிட்டது. ஓரத்தில் நான் பேனாவால் எழுதியிருந்த அவன் பெயரும் தேதியும் மட்டும் மிச்சம். எனக்கு எதிரான ஒரே சாட்சி தானாக இல்லாமல் போயிருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. 'நெற்றிக்கு மருந்து போட்டாச்சு, எதுக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கோங்க' என்று பொதுவாகச் சொல்லி அனுப்பவும் முடியும். அப்படிச் சொன்னால் அவள் எடுக்க மாட்டாள். பாசி வழுக்கியதற்கு யார் இ.சி.ஜி. எடுப்பார்கள்?

"என்ன மாமா அது?"

"உன் தம்பியோட இ.சி.ஜி."

எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, அருவி, சாத்திய கதவு, கடையநல்லூரிலிருந்து வந்தவர், மூன்று கையெழுத்து, அவன் என்னிடம் கேட்டது, நான் சொன்னது, தலைக்கவசம். அவள் அந்த வெறும் காகிதத்தைக் கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொன்ன அளவுக்குத் தெரியும். ஆபத்துன்னு நான் அழுத்திச் சொல்லல."

"எனக்காகவா மாமா? என் கல்யாணத்துக்காகவா?"

நான் மேசையில் கிடந்த புத்தகத்தை மூடினேன்.

"அந்தக் கல்யாணம் வேணும்னு நான் கேட்டேனா? ஒங்கட்ட வந்து கேட்டேனா? அவன் பரிமாறுன சோத்தத்தான நான் தின்னேன் அன்னைக்கு?"

குரலை உயர்த்தவில்லை. மாடியில் இருக்கும் மகளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். எழுந்து, மகளைக் கூப்பிட்டாள். தென்காசியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம்" என்றாள்.

வாசலில் மகள் சாவியை வாங்கப் போனாள். "பாப்பாவ ஓட்ட விடாதம்மா" என்றேன். அதற்கு மட்டும் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பின்னால ஏறு" என்றாள். ஸ்கூட்டர் திரும்பி மறையும் வரை, பின்னால் உட்கார்ந்திருந்தவளுடைய தலை சாய்கிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துக் குத்துக்கல்வலசைக்குப் போனேன். அந்த மெக்கானிக் பந்தயத்தை விட்டுவிட்டுப் பழைய பட்டறையிலேயே இருக்கிறார். ஆனால் எந்த வண்டியிலும் பிரேக்கைத் தொட மாட்டார். பிரேக் வேலை என்றால் அடுத்த பட்டறைக்கு அனுப்பிவிடுவார். ஊரில் அதற்குக் காரணம் தெரியும் என்பதால் யாரும் கேட்பதும் இல்லை.

ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "டீ சொல்லவா சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்பம் பிரேக்கு பிடிச்சிருக்கும், இல்லையா சார்?"

"பிடிச்சிருக்கும். அவன் மிதிச்சிருந்தா."

"அந்தப் பிரேக்க நான் கனவுல கழத்தி மாட்டாத நாள் கெடையாது சார்" என்றார். பிறகு, "இன்ஸ்பெக்டர் ஐயா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்றார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். "சரி, நீங்க கெளம்புங்க. வேலை கெடக்கு." நான் தெருவுக்கு வந்த பிறகும் ஸ்பேனரின் சத்தம் கேட்கவில்லை.

மேலகரம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மணி ஐந்தாகியும் போன் வரவில்லை. இந்தப் பெண்ணைச் சோதனை என்று ஆஸ்பத்திரியில் ஓட வைத்திருப்பார்களோ, வழியில் எங்காவது விழுந்திருப்பாளோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஐந்தரைக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. புதுக் காகிதம், ரோஜா நிறக் கட்டங்கள், கறுப்பாகத் தெளிவான கோடு. பெரிதாக்கி, மேசை விளக்கைப் போட்டு, கண்ணாடிக்கு மேல் லென்சை வைத்துக்கொண்டு கட்டங்களை எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். இருபது ஆண்டுகளாக என் மனதில் இருந்த கோட்டை யாரோ திரும்ப வரைந்து அனுப்பியதைப் போல இருந்தது.

போன் அடித்தது. அவள்தான். மாமா என்று கூப்பிடவில்லை.

"நீளமா?"

"ஆமா. இதுக்கு மாத்திர இருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கலாம். உனக்கும் எடுக்கணும். ஓட்டம், அருவி, நீச்சல் ஒண்ணும் கூடாது. நாளைக்கே மதுரைக்குப் போயிருங்க, நான் அங்கன பேசி வைக்கேன்."

"பேச வேண்டாம். எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனதக் கையில வச்சுக்கிட்டுத்தான் போவேன். வாசல்ல அவுக நிக்காக, அவுககிட்ட குடுத்து அனுப்புங்க."

வாசலில் அவள் கணவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மழைக்கோட்டோடு நின்றிருந்தார். அவருடைய பெரியப்பாவுக்குத்தான் நான் அன்று பிரஷர் பார்த்தேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவரிடம் அவள் எவ்வளவு சொல்லியிருக்கிறாள் என்று தெரியவில்லை.

பழைய லெட்டர்பேடைத் தேடி எடுத்தேன். மதுரை டாக்டருக்கு, நோயாளியின் வயது, நேற்று முன்தினம் அருவியில் நடந்தது, போன ஆண்டு மைதானத்தில் நடந்தது எல்லாம் எழுதினேன். அடுத்தது குடும்ப வரலாறு என்ற தலைப்பு. தாத்தாவின் சித்தப்பா, பத்தொன்பது வயது, கிணற்றில் குதித்தபோது மரணம், தலையில் காயம் இல்லை என்று எழுதினேன்.

பேனாவை ஒரு தடவை உதறிக்கொண்டு அடுத்த வரியை எழுதினேன். தாய்மாமன், இருபத்தொரு வயதில் அருவியில் மயங்கி விழுந்தான். எண்ணெய் வழுக்கவில்லை. இ.சி.ஜி.யில் இடைவெளி நீளம் என்று நானே பார்த்தேன், சிகிச்சை கொடுக்கவில்லை. இருபத்து நான்கு வயதில், கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது இதயம் நின்று இறந்தான். பிரேக்கில் பழுது இல்லை.

கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் நின்றவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன்.